யூசர் நேமில் நான்கெல்லை எழுதிய விவரம்

உத்திரமேரூர்,
12-8-2004, வியாழக்கிழமை.

நாகபுரி ரயில்வேயில் உத்தியோகம் பார்க்கும் என் மைத்துனர் ஏகாம்பரம் அவர்களுக்கு, உத்திரமேரூர் சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதும் உமது அக்காள் புருஷன் வேதகிரி எழுதிக்கொண்டது. இங்கே நானும் உமது அக்காள் அம்முலுவும் சம்மணம் போட்டுச் சாப்பிடும் அளவுக்குச் சௌக்கியம். பாமா ஒரு காலை நீட்டிக்கொண்டு சாப்பிடும் அளவுக்குச் சௌக்கியம். அங்கே நீரும் வீட்டாரும் இதைவிடச் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உமது கார்டு நேற்று வந்தது. அதில் இரண்டு கேள்வி கேட்டிருந்தீர். ஒன்று, ஒரு மாதமாக எந்நேரம் போன் செய்தாலும் எங்கேஜ்ட் சத்தமே வருகிறதே, ரிசீவரைக் கீழே எடுத்து வைத்துவிட்டு எல்லாரும் ஊரைவிட்டுப் போய்விட்டீர்களா என்பது. இரண்டு, எங்கள் வீட்டுக் கூடத்தில் சுரங்கம் அகப்பட்டதாகவும், அதிலிருந்து செப்புக் குடம் எடுத்ததாகவும், சென்னையிலிருந்து அதிகாரிகள் கார் போட்டுக்கொண்டு வந்து என்னை விசாரித்ததாகவும் திருப்புட்குழிக் கல்யாணத்தில் பேசிக்கொண்டார்களாமே, அது வாஸ்தவமா என்பது. கார் வந்தது வாஸ்தவம். விசாரித்தது வாஸ்தவம். செப்புக் குடமும் வாஸ்தவம், ஆனால் அது உமது தகப்பனார் அம்முலுவுக்குச் சீராகக் கொடுத்த குடம். சுரங்கமும் ஒருவகையில் வாஸ்தவம்தான். ஆம், இல்லை என்று கார்டில் எழுத முடியாத சங்கதி என்பதால் முழுத்தாளில் எழுதுகிறேன். உட்கார்ந்து படிக்கவும்.

பாமா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பது உமக்குத் தெரியும். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு வாயால் சொல்வதை இங்கே காதில் கேட்டு டைப் அடிக்கும் வேலை. நம் தெருவில் இருந்து அப்படி ஒரு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். ஆனி மாசம் ஊருக்கு வந்தவள், பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது சேற்றில் வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் அசையக்கூடாது என்றார்கள். வேலை போய்விடுமே என்று அவள் அழுத அழுகையில் கம்பெனிக்காரர்கள் மனமிரங்கி, ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, வீட்டிலிருந்தே செய், ஆனால் ஒருநாள் கூடத் தவறக்கூடாது, தினம் காலை பத்து மணிக்குள் வந்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே இருப்பவள் எங்கே வந்துவிடுவது என்று கேட்டேன். அதற்குத்தான் வி.பி.என். என்று ஒன்று இருக்கிறதாம்.

"அது ஒரு டன்னல் மாதிரி நைனா. நம்ம வூட்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் ஒரு சுரங்கம். உள்ள நாம போறது வர்றது வெளிய ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

"யார் யார் நெலத்து வழியா போகுது?" என்று கேட்டேன். முப்பத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவன் வேறு எதைக் கேட்பேன்?

"யார் நெலத்து வழியாவும் இல்ல. போன் ஒயர் வழியா போகுது. சுரங்கம்னு சும்மா ஒரு பேச்சுக்கு சொல்றது."

பேச்சுக்குச் சுரங்கம் என்று எந்தப் பத்திரத்திலும் எழுதி நான் பார்த்ததில்லை. ஆனாலும் குழந்தையின் வேலை என்று சும்மா இருந்துவிட்டேன். இதுதான் உமது முதல் கேள்விக்குப் பதில். காலை முதல் சாயங்காலம் வரை எங்கள் போன் ஒயரில் சுரங்கம் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் உமது குரல் உள்ளே வர வழியில்லாமல் போயிற்று.

போன மாசம் பத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. மாவுக்கட்டை மாற்ற வேண்டும் என்று அம்முலு பாமாவை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒன்பதரை மணிக்குள் திரும்பிவிடலாம் என்று கணக்கு. ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசல் ஒரு ரூபாய் போனிலிருந்து பாமா பேசினாள்.

"நைனா, டாக்டரே இன்னும் வரல. பத்து மணிக்குள்ள உள்ள போவலன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்க. மேச மேல லேப்டாப்பு கீது, தொறந்துதான் கீது. பூட்டு படம் போட்ட ஒண்ணு கீது பாரு, அத ரெண்டு தபா தட்டு. யூசர் நேம்னு ஒரு பெட்டி வரும், அதுல என் பேரு போடு. கீழ பாஸ்வேர்டு, என் நோட்டு கடைசிப் பக்கத்துல எழுதிக்கீது. அத்தப் போட்டு கனெக்ட்ட அமுக்கு, அவ்ளோதான்."

"பேருக்கு முன்னால இனிஷியல் வேணுமா?"

"முழுப் பேரும் போடு நைனா" என்றாள். அதற்குள் ஒரு ரூபாய் தீர்ந்து போன் கட்டாகிவிட்டது.

இங்கே என் நிலைமையை நீர் யோசித்துப் பார்க்க வேண்டும். முழுப் பேர் என்றால் எங்கள் தொழிலில் என்ன அர்த்தம்? வெறும் பாமா என்று எழுதினால் எந்தப் பாமா? இந்த ஊரிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். எண்பத்தொன்றாம் வருஷம் ஒரு பத்திரத்தில் வெறும் முனியன் என்று எழுதப் போக, கையெழுத்துப் போடுகிற தினத்தில் மூன்று முனியன்கள் வந்து வரிசையில் நின்றதை இன்றைக்கும் சார்பதிவாளர் ஆபீசில் சொல்லிச் சிரிக்கிறார்கள். அப்படி இன்னொரு தடவை நடக்கக்கூடாது என்று, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவனாகையால் கீழே குனிந்து பாராமலே ஆங்கிலத்தில் அடித்தேன். காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டம், உத்திரமேரூர் டவுன், கதவு எண் பதினான்கில் வசிக்கும் பத்திர எழுத்தர் வேதகிரியின் குமாரத்தி, சுமார் இருபத்தைந்து வயதுள்ள, நல்ல நினைவும் சுயபுத்தியும் உள்ள, செல்வி பாமா. பெட்டி என்னவோ கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. ஆனால் அடிக்க அடிக்க, எழுத்துக்கள் இடதுபக்கமாக நகர்ந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தன. போதும் என்று ஒரு தடவையாவது சொல்ல வேண்டாமா? சொல்லவில்லை. பந்தியில் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மாப்பிள்ளை மாதிரி வாங்கிக்கொண்டே இருந்தது.

கனெக்ட்டை அமுக்கினேன். சுரங்கம் திறக்கவில்லை. அப்படியே மறைந்துபோய், ஏதோ தவறு நடந்துவிட்டது, மூட வேண்டியிருக்கிறது, வருந்துகிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு தாள் வந்தது. சார்பதிவாளர் பத்திரத்தைத் திருப்பி அனுப்பினால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், விவரம் போதாது. ஆகையால் மறுபடி திறந்து, பாமாவின் பாட்டனார் பெயரையும் சேர்த்தேன். அதற்கும் வருந்தியது. சுரங்கம் என்பது பாதை சம்பந்தப்பட்டது அல்லவா, பாதைக்கு நான்கெல்லை இல்லாமல் எந்த அதிகாரி ஏற்றுக்கொள்வார் என்று தோன்றவே, வடக்கே சிட்டம்மாள் வீடு, தெற்கே முகம்மது கௌஸ் ஜெராக்ஸ் கடை, மேற்கே முனியன் மனை, கிழக்கே தெரு என்று நான்கெல்லையும் போட்டேன். வருந்தியது. மாமூல் பாதை பாத்தியம், மழைநீர் போகும் பாத்தியம், தென்னை மரம் ஒன்று சகிதம் என்றெல்லாம் சேர்த்துப் பதினோராவது தடவை அமுக்கியபோது திரை முழுவதும் நீலமாகி, வெள்ளை எழுத்தில் எதையோ கொட்டிவிட்டு நின்றுபோயிற்று. மணி பத்தே கால். துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி ஆபீசுக்குப் போய்விட்டேன். இது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

பாமா மத்தியானம் வந்து, மெஷினை அணைத்துப் போட்டு வேலை செய்தாள். அது நன்றாகவே ஓடிற்று, நானும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் அந்த மெஷின் கோள் சொல்லும் மெஷின் என்பது எனக்குத் தெரியாது. சுரங்கம் திறந்ததும், காலையில் நடந்த பதினொன்றையும், நான் அடித்தது ஒரு எழுத்து விடாமல், கம்பெனிக்கு ஒப்பித்துவிட்டது. மறுநாள் காலை பாமா நாஷ்டா சாப்பிட சுரங்கத்தை மூடின ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

"என் மெஷின்ல யாரோ அட்டாக் பண்ணிக்கீறாங்களாம். பதினோரு தபா. என் லாகின்ன பூட்டிட்டாங்க. விசாரிச்சி முடியற வரைக்கும் வேல கெடையாதாம். வூட்ல யார்னா தொட்டாங்களான்னு கேக்கறாங்க" என்றாள்.

நான் தொட்டேன் என்று சொன்னேன்.

"இன்னா போட்டே?"

சொன்னேன். தலையைக் கையில் தாங்கிக்கொண்டு கேட்டாள். முடிவில், "நாலெல்லையும் போட்டியா நைனா?" என்றாள்.

"போட்டேன்."

"வெறும் பேரு தானே கேட்டேன். இதுக்காவ நா எத்தினி எக்ஸாம் எழுதினேன், எத்தினி நாளு ஆஸ்டல்ல ஈர சோறு துன்னேன் தெரியுமா உனக்கு?"

ஏகாம்பரம், இரண்டு நாள் அந்தக் குழந்தை என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமானால் நோட்டில் தண்ணீர் என்று எழுதி என் பக்கம் நகர்த்துவாள். அதுவும் வெறும் தண்ணீர், என்ன தண்ணீர், எவ்வளவு, ஒன்றும் இராது. எனக்கு அந்த இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. ஆபீஸ் வாசலில் ஒரு கிரயப் பத்திரத்தில் வாங்குகிறவர் பெயரையும் விற்கிறவர் பெயரையும் மாற்றி எழுதிவிட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கார் வந்தது. உலகத்தில் எந்தக் குற்றவாளியும் தன் மாவட்டம், வட்டம், கதவு எண் சகிதம் எழுதி வைத்துவிட்டுப் போனதில்லை என்பதால் அவர்களுக்கு வீட்டைக் கண்டுபிடிப்பதில் சிரமமே இல்லை. பழையசீவரத்தில் டீ குடிக்க நிறுத்தினதுதான் தாமதமாம். இறங்கியது இரண்டு பேர். ஒருவர் டை கட்டிய மேனேஜர். இன்னொருவர் தௌசீப் என்ற பிள்ளையாண்டான், கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குக் காவல் அதிகாரி, பல்லாவரத்துக்காரர், வயது முப்பதுக்குள். மேனேஜர் கையில் நான் அடித்ததெல்லாம் பிரிண்டாகி ஒரு கட்டாக இருந்தது. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே அதைப் பார்த்துக்கொண்டு, "இதில் சிட்டம்மாள் யார்? முகம்மது கௌஸ், முனியன் இவர்களும் இங்கேதான் இருக்கிறார்களா? கும்பலில் மொத்தம் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யா, அவங்க கும்பல் இல்ல. எல்ல" என்றேன்.

"எல்லை என்றால்?"

அதற்குள் அவரே வாசலுக்குப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். வடக்கெல்லை சாணிக் கையோடு வந்தது. சிட்டம்மாளுக்கு எழுபது வயசு, இரண்டு எருமை வைத்துக்கொண்டு ஜீவனம். சென்னை ஆபீசுக்குள் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்தது நீங்களா என்று மேனேஜர் மரியாதையாகத்தான் கேட்டார்.

"நா எதுக்குப்பா அங்கல்லாம் பூரப்போறேன்? எம்மாட்டுக் கொட்டாய்க்குள்ள பூர்றதுக்கே நா இடுப்பப் புடிச்சிக்கினு குனியணும்" என்றாள் அவள். "இன்னாடி அம்முலு, யார்ரி இவுங்கோ? பொண்ணு பாக்க வந்துக்கீறாங்களா?"

தெற்கெல்லையான கௌஸ் பாய் ஜெராக்ஸ் மெஷினை அணைக்காமலே ஓடிவந்தார். அவரும் நானும் ஒரே வருஷம் தொழிலுக்கு வந்தவர்கள். மேனேஜரிடமிருந்து தாள்கட்டை வாங்கி ஒரு பக்கம் படித்தவர், "சார், கொஞ்சம் ரோசன பண்ணுங்கோ. திருடப் போறவன் எவனாச்சும் நாலெல்லை எய்தி வெச்சிட்டுப் போவானா? தென்ன மரம் சகிதம்னு வேற போட்டுக்கீறாரு. இந்த மன்சனுக்கு எய்த ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது, அவ்ளோதான் விசயம். இவுரு எய்தின வாடக ரசீதே மூணு பக்கம் வரும்" என்றார். நண்பர் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். மேனேஜர்தான், "டன்னலுக்குள்ளே யார் போனது என்று தெரிந்தாக வேண்டும்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து மேற்கெல்லை உள்ளே நுழைந்தது. முனியன் சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் கிணறு வெட்டுகிறவன். டன்னல் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அவன் கண் கலங்கிவிட்டது.

"சுரங்கம் வெட்டினியா வேதகிரி? எட்டு ஊருக்குக் கெணறு வெட்டினவன் பக்கத்துலயே குந்திக்கினு கீறேன், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா? எவனக் கூட்டியாந்து வெட்டினே? கூரத்துல கெணறு வெட்றானே, அவனையா?"

"முனியா, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"பேச்சுக்கு ஒண்ணும் இல்ல. எனக்கு இன்னா கோவம்னா, முட்டுக் குடுக்கத் தெரியாதவன் வெட்டியிருந்தா மூணு வூடும் உள்ள பூடும். தள்ளு" என்று சொல்லிவிட்டு, கையோடு கொண்டுவந்த கடப்பாரையைத் திருப்பிப் பிடித்துக் கூடத்தைத் தட்டிக்கொண்டே போனான். ஊஞ்சல் கொக்கிக்கு நேர்கீழே டம் என்று சத்தம் மாறியது. "காலியா கீது!" என்றான். வாசலில் அதற்குள் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். நாங்கள் பிடிப்பதற்குள் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டான். உள்ளே இருந்தது பழைய ஜலதாரைக் குழாய். மண் பறக்கிறதே என்று அம்முலு தன் சீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். கூடத்தைத் தோண்டுகிறார்கள், செப்புக் குடம் வெளியே வருகிறது. பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? திருப்புட்குழி வரை போன சங்கதியின் மூலப்பத்திரம் இதுதான். உமது இரண்டாவது கேள்விக்கும் பதில் ஆயிற்று.

இத்தனை அமளியிலும் அந்தத் தௌசீப் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து என் பதினோரு விவரத்தையும் விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் எழுதியதை ஒருவர் அவ்வளவு கவனமாகப் படித்து நான் பார்த்ததே இல்லை, காசு கொடுத்து எழுதிக்கொள்கிறவர்கள் கூடப் படிப்பதில்லை. பிறகு அவர், "சார், அன்னிக்கு டைப் பண்ணத அதே மாதிரி இன்னொரு தடவ என் எதிர்ல பண்றீங்களா?" என்று கேட்டார்.

இரண்டு சாட்சி இல்லாமல் செய்ய மாட்டேன் என்றேன். கௌஸ் பாய் முதல் சாட்சி, சிட்டம்மாள் இரண்டாவது சாட்சி. பாமா சுவரோரம் காலை நீட்டிக்கொண்டு, என் பக்கம் பாராமல் உட்கார்ந்திருந்தாள். அடித்தேன். அமுக்கினேன். வருந்துகிறோம் என்றது. தௌசீப் குனிந்து என்னென்னவோ தட்டி, எண்ணும் எழுத்தும் கலந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"மேடம், இது அட்டாக்கே இல்ல. உங்க அப்பா மேல தப்பே இல்ல. இது அந்த வி.பி.என். சாஃப்ட்வேர்ல இருக்கற ஓட்டை!"

மேனேஜருக்குப் புரியவில்லை. தௌசீப் விளக்கினார். யூசர் நேம் எழுதிக்கொள்ள அந்த சாஃப்ட்வேர் தன் நினைவில் இத்தனை எழுத்து என்று ஒரு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறதாம். அதற்குப் பெயர் பஃபர். வருகிறது அதற்குள் அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும். எழுதினவர்கள் அளக்காமல் விட்டுவிட்டார்கள். அதிகமாக வந்த எழுத்து பக்கத்து இடத்தில் வழிந்துவிட்டது. அந்தப் பக்கத்து இடத்தில்தான், இந்த வேலை முடிந்ததும் அடுத்து எங்கே திரும்பிப் போக வேண்டும் என்று மெஷின் தனக்கே ஒரு விலாசம் குறித்து வைத்திருக்கும். அந்த விலாசத்தின் மேல் என் எழுத்து போய் உட்கார்ந்துவிட்டது. மெஷின் வேலையை முடித்துவிட்டு, எங்கே போவது என்று பார்த்தால் அங்கே என் ஆங்கிலம் இருக்கிறது. அப்படி ஒரு இடமே இல்லாததால் திகைத்து விழுந்துவிட்டது.

அவர் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "தம்பி, இது ஆக்கிரமிப்பு!" என்றேன். "மனை போட்டு வித்தவன் அளந்து கல்லு நடல. வாங்கினவன் வூடு கட்டிக்கினே போயி பக்கத்து மனையில செவுரு வெச்சிட்டான். ஆனா இதுல இன்னொண்ணு கீது. நா தெரியாம எழுதினேன், அதனால மெஷினு திகைச்சி நின்னுச்சி. விஷயம் தெரிஞ்ச ஒரு ஃபோர்ஜரி ஆளு, அந்த எடத்துல சரியா தன் வூட்டு விலாசத்தப் போட்டு வெச்சான்னா? மெஷினு நேரா அவன் வூட்டுக்குப் போயி, அவன் சொன்ன வேலையெல்லாம் செய்யுமே?"

தௌசீப் என்னையே பார்த்தார். "அதேதான் சார்" என்றார். "அதான் இதுல இருக்கற ஆபத்தே."

சுவரோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "நைனா, இத்த எங்க ட்ரெய்னிங்ல மூணு நாளு சொல்லிக் குடுத்தாங்க. எனக்கு இப்பதான் புரிஞ்சிது."

ஏகாம்பரம், நீர் நம்புவீரோ மாட்டீரோ, பெயர்ந்துபோன கூடத்தில் நின்றுகொண்டு நான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். மண் விழுந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். சரியாக எந்த எழுத்தில் உடைகிறது என்று தெரிந்தால்தான் அமெரிக்காவில் அந்த சாஃப்ட்வேரைச் செய்தவர்கள் நம்புவார்களாம். முத்திரைத் தாளில் ஒரு வரிக்கு இத்தனை எழுத்து, ஒரு பக்கத்துக்கு இத்தனை வரி என்று எண்ணிப் பழகின விரல் இது. பாதியாகக் குறைத்து அடித்தேன், உடையவில்லை. முக்கால் அடித்தேன், உடைந்தது. அம்முலு சோறு வடித்து எல்லாருக்கும் போட்டாள். மேனேஜர் டையைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு மோர் சாதம் சாப்பிட்டார். முனியன் பெயர்த்த கல்லைத் தானே பூசிக் கொடுத்தான். மூன்று மணிக்குள் கண்டுபிடித்துவிட்டோம். இருநூற்று ஐம்பத்தாறு எழுத்து வரை தாங்குகிறது. அதற்கு மேல் நான்கு எழுத்து போனால் விழுகிறது. விழுகிற இடம் எது தெரியுமா? நல்ல நினைவும் சுயபுத்தியும் உள்ள என்பதற்கு நான் அடித்த ஆங்கிலத்தில், "மைண்ட்" என்கிற வார்த்தையின் நடுவில். தௌசீப் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் எருமைகள் திரும்பிப் பார்த்தன.

அன்றைக்கே பாமாவின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். ஆப்சென்ட் போட்டதையும் ரத்து செய்துவிட்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஒரு வாரத்தில் பதில் வந்தது. ஓட்டை வாஸ்தவம்தான், அடுத்த மாதம் பிழைத்திருத்தல் பத்திரம் மாதிரி ஒரு புது சிடி அனுப்புகிறோம், அதுவரை கொஞ்சம் பொறுக்கவும், இதைக் கண்டுபிடித்த நிபுணர் எந்தக் கருவியை உபயோகித்தார் என்று தெரியப்படுத்தவும் என்று கேட்டிருந்தார்களாம். கதவு எண் பதினான்கு என்று தௌசீப் எழுதிவிட்டாராம். பாமாவுக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போகிறாள். இப்போதெல்லாம் தண்ணீர் வேண்டுமானால் வாயாலேயே கேட்கிறாள்.

உமது பிள்ளைகள் நன்றாகப் படித்து, நீர் நினைத்த ஊருக்கு மாற்றல் கிடைத்து, உமது மனைவியின் முட்டி வலி தீர்ந்து எல்லாரும் க்ஷேமமாக இருக்க இங்குள்ள தெய்வங்கள் எல்லாம் கூடி நின்று பார்த்துக்கொள்ளும். திருப்புட்குழிக்காரர்கள் யாரைப் பார்த்தாலும் இந்தக் கடிதத்தை உரக்கப் படித்துக் காட்டவும்.

இப்படிக்கு,
உமது நலம் நாடும்,
வேதகிரி

பி.கு. (13-8-2004): நேற்று இதை உறையில் போட்டுப் பசை ஒட்டும்போது பாமா வந்து, "மாமாவுக்கு இன்னா எழுதினே?" என்று கேட்டாள். எல்லாம் எழுதினேன் என்றேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று சாப்பிட்டுக் கை கழுவி வந்தவுடன் மேனேஜர் நீட்டிய நான்கு பக்கத் தாளில் கையெழுத்துப் போட்டேனே, அது என்ன என்று கேட்டாள். ஏதோ சம்பிரதாயம் என்றார், போட்டேன் என்றேன். புது சிடி வந்து எல்லார் மெஷினிலும் ஏறுகிற வரை இந்த ஓட்டையைப் பற்றி வாயால், எழுத்தால், சைகையால் யாருக்கும் தெரிவிக்க மாட்டேன், தெரிவித்தால் என் குமாரத்தியின் வேலைக்கு நானே ஜவாப்தாரி என்று அதில் இருக்கிறதாம். முப்பத்திரண்டு வருஷமாக ஊராருக்கெல்லாம் படித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்கியவன், எனக்கு நீட்டினதை ஒரு வரி படிக்காமல் போட்டிருக்கிறேன். கிழித்துப் போடு என்கிறாள் பாமா. கையெழுத்திட்டதைக் கிழிப்பது எங்கள் தொழிலில் இல்லை, ரத்து செய்யலாம். ஆகையால் மேலே கண்ட கடிதத்தில் உமது வீட்டார் க்ஷேமத்தைக் கோரிய பகுதி நீங்கலாக மற்ற யாவும் இதனால் முழுமனதோடு ரத்து செய்யப்படுகிறது. நீர் அதைப் படிக்கவில்லை. ஒருவேளை படித்திருந்தால் புரியவில்லை.

அன்று வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்த நாற்பது பேரிடமும் யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று நேற்று முதல் நானே ஒரு உறுதிப் பத்திரம் எழுதி ரேகை வாங்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் சிட்டம்மாளிடம்தான் போனேன். மையில் விரலை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"இன்னாத்த சொல்லக்கூடாதுன்னு மொதல்ல சொல்லு வேதகிரி. தெரிஞ்சாதானே சொல்லாம இருக்க முடியும்?" என்று கேட்டாள்.

சட்டப்படி அவள் கேட்டது சரி. அதனால் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, பஃபர் என்றால் என்ன, விலாசம் எங்கே இருக்கிறது, எத்தனையாவது எழுத்தில் உடையும் என்று ஆரம்பத்திலிருந்து விளக்கி, பிறகே ரேகை வாங்குகிறேன். இன்று மத்தியானம் வரை பதினேழு பேருக்கு நன்றாகப் புரிந்துவிட்டது.